டிப்ளமோ முடித்தவருக்கு இரண்டாம் ஆண்டில் ஓர் இடம்

நீலகிரியின் தேவாலாவில் ஜூன் பிறந்தால் மழைதான். தோட்டத்து லயன் வீடுகளில் கரண்ட் போகும், செல்போனில் சிக்னல் நிற்காது. டிப்ளமோ முடித்த பிள்ளைகள் பொறியியல் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஆன்லைனில் அலைவதும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. அந்த வீடுகளில் கல்லூரிப் படியேறும் முதல் ஆளுக்கு வழிசொல்ல ஆள் இருப்பதில்லை. அந்த இடத்தில்தான் புரோக்கர் நுழைகிறார்.

படிப்பின் நடுவில் கல்லூரி மாறிச் சேர உத்தரவாதம் தரும் இடங்களும் உண்டு: கலிஃபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்து, கேட்கும் மதிப்பெண்ணும் எடுத்தால், அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்களில் ஒன்றில் உத்தரவாத இடம் பெறலாம். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சல்ஸும் அந்த ஆறில் இல்லை. நம் ஊரில் அப்படியொரு உத்தரவாதம் கிடையாது. யுஜிசி 2021-இல் கொண்டுவந்த கல்விக் கிரெடிட் வங்கியில் கணக்கு இருக்கலாம். கணக்கில் கிரெடிட் இருந்தால் எந்தக் கல்லூரியும் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஐஐடிகளின் பி.டெக்.கிலும் பாலிடெக்னிக் மாணவர் இடையில் சேர வழியில்லை.

ஆனால் தமிழ்நாட்டில் ஒரு நல்ல பாதை இருக்கிறது, பலருக்கும் தெரியாமலே. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். நுழைவுத் தேர்வு இல்லை, டிப்ளமோ மதிப்பெண்தான் அளவுகோல். காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி இந்தக் கலந்தாய்வைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறது. ஏஐசிடிஇ விதிப்படி, அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் பத்து விழுக்காடு இவர்களுக்கு. முதலாண்டில் காலியாக நின்ற இடங்களும் சேரும். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் காலியிடத்தை நம்ப முடியாது. அறுபது பேர் படிக்கும் பிரிவென்றால் கூடுதலாக ஆறு இடம், அவ்வளவுதான். ஆகவே, பாலிடெக்னிக்கின் முதல் செமஸ்டரிலிருந்தே மதிப்பெண் சேர்க்க வேண்டும். ஐடிஐ முடித்தவரும் மனம் தளர வேண்டாம்: டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, அங்கிருந்து பி.இ.க்குப் போகலாம்.

“மேனேஜ்மென்ட்ல சேர்ந்துக்கலாம், அப்புறம் பெரிய காலேஜுக்கு மாத்தித் தர்றேன்” என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, கலந்தாய்வு வழியாக அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் அந்தப் பணம் கைநழுவும், மாற்றித் தருவதாகச் சொன்னதும் நடக்காது. நன்கொடை என்ற பேரில் கூடுதல் பணம் வாங்குவதை 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

தேவாலாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாடுகாணி தாண்டினால் கேரளம். பக்கம் என்று அங்கே படிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இங்கே ஒதுக்கீடு கேட்டு வரும்போது இருப்பிடச் சான்று தேவைப்படலாம். சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றையும் மழைக்கு முன்பே, ஏப்ரலிலேயே, இ-சேவை மையத்தில் எழுதிப்போடுவது புத்திசாலித்தனம். தந்தை பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரியும் இருந்தால், திருத்தவே வாரங்கள் ஓடிவிடும்.

சேர்ந்தபின் வேறு நல்ல இடம் கிடைத்தால்? வகுப்பு தொடங்குமுன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் கூடாது. பல கல்லூரிகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புதல் வாங்கி, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரி அசையாவிட்டால் முதலில் அதன் மாணவர் குறைதீர்ப்புக் குழு, அடுத்துப் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளர். வழக்கு என்று வந்தால், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் பாராமல் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போயும் மனு கொடுக்கலாம். போகும்போது ரசீது, விலகல் கடித நகல், கல்லூரியோடு நடந்த செல்போன் செய்திகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போக வேண்டும்.