காய்ந்த மண்ணில் விதைத்தவர்

கரிசலும் விசுவாசமும் – 6

சென்ற வாரம் முதலூரில் இருந்தோம். துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த கிறிஸ்தவர்கள் ஒதுங்கி வாழ 1799-ல் உண்டான ஊர் அது. இந்த வாரம் தேரி மணலை விட்டு வடக்கே போகிறோம். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் கரிசல். வற்றாத ஆறு கிடையாது, வாய்க்கால் பாசனம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் வெள்ளாமை.

புரட்டாசியில் கோவில்பட்டிப் பக்கம் வந்து பாருங்கள். நல்ல மழை விழுந்துவிட்டால் கரிசலில் கால் வைக்க முடியாது. செருப்போடு சேர்த்து மண் அப்பிக்கொள்ளும், டிராக்டர் இறங்காது. அதனால் மண் காய்ந்து கிடக்கும்போதே உழுது உளுந்தையும் பாசியையும் மக்காச்சோளத்தையும் விதைத்துவிடுகிறார்கள். அப்புறம் வானம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு மழையோடு வானம் வெளுத்துப்போனால் முளைத்ததெல்லாம் கருகும். மறுபடியும் விதை வாங்க நகை அடகுக்குப் போகும். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை, காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் கொட்டி, தூத்துக்குடி மாவட்டத்தையே புரட்டிப்போட்டது. பெய்யாமலும் கெடுக்கும், பெய்தும் கெடுக்கும்.

இப்படிப்பட்ட மண்ணில், ஆண்டவரை நம்பியிருக்கிறேன் என்று ஒரு விவசாயி சொல்கிறாரே, அந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது? மழையின் மேலா? மழை பொய்த்தால் அதுவும் சரிந்துவிடுமா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒருவர் 160 ஆண்டுகளுக்கும் முன்பு இந்தக் கரிசலில் நடந்திருக்கிறார். அவர் பெயர் தாமஸ் ராக்லாந்து.

ஜிப்ரால்டரில் 1815-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். கேம்பிரிட்ஜில் 1841-ல் கணிதத் தேர்வில் நான்காவதாக வந்து, தாம் படித்த கல்லூரியிலேயே ஃபெல்லோவாகவும் ஆனார். வாழ்நாள் முழுவதும் அங்கேயே கௌரவமாக இருந்திருக்கலாம். 1846-ல் சர்ச் மிஷன் சங்கத்தின் வழியாகச் சென்னைக்கு வந்தார். நுரையீரல் நோய் பிடித்தது. இருமினால் இரத்தம் வந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பி ஓரளவு தேறியவர், அங்கேயே தங்கவில்லை. டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களோடு மறுபடியும் கப்பல் ஏறினார்.

1854-ல் வடதிருநெல்வேலியில் அவர்களுடைய ஊழியம் தொடங்கியது. பங்களா கட்டவில்லை. கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார்கள். ராக்லாந்து ஐயர் தனியாக நடக்கவும் இல்லை. தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசியார்களை மாற்றி மாற்றி அனுப்பிவைத்தன. செலவையும் அந்தச் சபைகளே ஏற்றுக்கொண்டன. பனையேறிப் பிழைத்த எளிய குடும்பங்களின் காணிக்கை அது.

நான்கு ஆண்டுகள் ஓடின. பாடுபட்ட அளவுக்குப் பலன் கண்ணில் படவில்லை. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இரத்தக்குழாய் வெடித்து ராக்லாந்து இறந்துபோனார். வயது 43. பிற்காலத்தில் சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரத்தில் எழுந்த மிஷன் பள்ளிகளை அவர் பார்க்கவில்லை. கரிசல் கிராமங்களில் எழும்பிய ஆலயங்களையும் பார்க்கவில்லை.

விசுவாசம் இருந்தால் நோய் அண்டாது, கடன் தீரும், காரியம் கைகூடும் என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள் இன்று அதிகம். அவர்களுக்கு நான் காட்டுவது இந்த மனிதரைத்தான். அவருக்காக எத்தனையோ பேர் ஜெபித்திருப்பார்கள். நுரையீரல் குணமாகவில்லை. அவருடைய விசுவாசம் குறைவானது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

வேதம் இதை மறைக்கவில்லை. ஆபகூக் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தை ஒரு கரிசல் விவசாயிக்கு வாசித்துக் காட்டினால் விளக்கவுரையே தேவைப்படாது. அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுக்கிடை, மாட்டுத்தொழுவம் என்று போனதையெல்லாம் தீர்க்கதரிசி ஒவ்வொன்றாக எண்ணுகிறார். எண்ணி முடித்த பிறகுதான் ஆண்டவரில் களிகூரத் துணிகிறார். இழப்பைக் கணக்குப் பார்க்காமல் சொன்ன வார்த்தை அல்ல அது. லாசருவின் கல்லறைக்குப் போகையில் இயேசுவே அழுதார். கண்ணீர் விடுகிறவரிடம் விசுவாசக் குறைவைத் தேடுவது பாவம்.

கிறிஸ்தவ நம்பிக்கை மழையின்மேல் நிற்பதில்லை. சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தவர்மேல் நிற்கிறது. ஆகவேதான் விளைச்சலைப் பார்க்காமலே ஒருவரால் கடைசி வரை விதைக்க முடிகிறது. காய்ந்த மண்ணில் கிடக்கும் விதையைப் போன்றதுதான் ராக்லாந்தின் வாழ்க்கை. அறுத்தவர்கள் வேறு ஆட்கள்.

அந்த அறுப்பு எதில் தெரிந்தது என்றும் சொல்ல வேண்டும். மிஷனரிகளைப் பெற்றுக்கொண்ட திருநெல்வேலிச் சபை, 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கலுக்குத் தன் பிள்ளைகளையே அனுப்பியது. முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியே எடுத்து வைத்த பெண்கள் இந்தச் சபைகளில் பல தலைமுறையாக உண்டு. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் எடுத்து வைத்தார்கள்.

இன்றும் அறுப்பின் பண்டிகையில் இந்தக் கொடுக்கும் மனதைப் பார்க்கலாம். கம்பங்கதிர், பூசணிக்காய், சேவல் என்று காணிக்கை வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பூசணிக்காய் பத்து மடங்குக்குப் போகும். விளைச்சல் பொய்த்த வருஷத்திலும் பண்டிகை நிற்பதில்லை. விளைந்தவரும் விளையாதவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து அசனம் சாப்பிடுவார்கள்.

நம்பிக்கை தனி ஆளின் மனவலிமை என்று நினைத்துத்தான் பலர் உடைந்துபோகிறார்கள். அது சபையாகச் சேர்ந்து சுமப்பது. உங்கள் சபையில் பயிர் இழந்த வீடு, பட்டாசு விபத்தில் ஆளை இழந்த வீடு, நோயாளி கிடக்கும் வீடு இருக்கும். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மறுவிதைப்புக்கு விதை வாங்கக் கைகொடுங்கள், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள். வாக்குத்தத்த வசனத்தை அதற்குப் பிறகு சொல்லுங்கள். அப்போது அது காதில் ஏறும்.

(அடுத்த வாரம்: ராக்லாந்தின் வரலாற்றை 1922-ல் எழுதிய ஏமி கார்மைக்கேல் 1931-ல் கீழே விழுந்தார். அதற்குப் பின் வந்த 20 ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கைதான். தோனாவூரின் அந்த அறைக்குப் போவோம்.)