வலையோரத்தில் நேரம் குறைவு!

ஸ்காட்லாந்தின் இமோஜென் பேங்கியர் 1987-ல் பிறந்தவர். பேட்மிண்டன் இரட்டையர் ஆட்டத்தில் பெயர் பெற்றவர். 2011-ல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் இங்கிலாந்தின் கிறிஸ் ஆட்காக்குடன் ஜோடி சேர்ந்து, கலப்பு இரட்டையரில் இறுதிப்போட்டி வரை வந்தார். சீனாவின் ஜாங் நான், ஜாவ் யுன்லெய் ஜோடியிடம் தோற்றாலும் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு அதே அரங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்றதும் அந்தச் சீன ஜோடிதான்.

கலப்பு இரட்டையர் ஆட்டத்தை டிவியில் கவனித்துப் பாருங்கள். தாக்கி ஆடும்போது ஒருவர் வலையோரம் நிற்பார், இன்னொருவர் பின்னால் நின்று மேலிருந்து ஓங்கி ‘ஸ்மாஷ்’ அடிப்பார். பெரும்பாலும் வலையோரம் நிற்பது பெண்தான். எதிரணிக்கு ஷட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டாலோ, சட்டென்று இருவரும் அக்கம்பக்கமாக வந்துவிடுவார்கள். இப்படி நிற்கச் சொல்லி விதிப் புத்தகத்தில் எதுவும் இல்லை. பிறகு யார் சொல்லித் தந்தது? காற்றுதான்!

ஒரு ஷட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். எடை ஐந்து கிராம் அளவுதான். அடியில் தக்கை. அதைச் சுற்றி 16 இறகுகள் விரிந்திருக்கும். தக்கையில்தான் கனம். அதனால் எப்படி அடித்தாலும் ஷட்டில் நொடிப்பொழுதில் திரும்பி, தக்கையை முன்னே நீட்டிக்கொண்டு பறக்கும். விரிந்த இறகுகள் காற்றை வாரிப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். விரித்த குடையோடு எதிர்க்காற்றில் ஓடினால் எப்படி இருக்கும்? ஷட்டிலுக்கும் அதே பாடுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனால்தான் மிக வேகமாக அடித்த ஷட்டில் மிக விரைவாகச் சோர்ந்துபோகிறது.

எவ்வளவு சோர்கிறது? ஏறத்தாழ ஒவ்வொரு 5 மீட்டருக்கும் வேகம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பிய ஸ்மாஷ், 5 மீட்டர் தாண்டும்போது 100-க்கு வந்துவிடும். 10 மீட்டரில் வெறும் 30 சொச்சம்!

இப்போது நேரக் கணக்கைப் போடுவோம். ஸ்மாஷ் அடிப்பவரிடமிருந்து 7 மீட்டர் தூரத்தில், அதாவது உங்கள் பக்க வலையோரம், நீங்கள் நிற்கிறீர்கள். ஷட்டில் உங்களிடம் வந்து சேர சுமார் 0.2 வினாடி ஆகும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசையத் தொடங்கவே நமக்கு அவ்வளவு நேரம் தேவை. மட்டையைத் தூக்குவதற்குள் ஷட்டில் தாண்டிப் போயிருக்கும்.

மூன்று மீட்டர் பின்னால் போய் நில்லுங்கள். இப்போது 0.4 வினாடி கிடைக்கும். தூரம் பாதிகூடக் கூடவில்லை, நேரம் மட்டும் இரண்டு மடங்கு! கடைசி மூன்று மீட்டரை ஷட்டில் தள்ளாடித்தான் கடக்கிறது. ஷட்டிலைத் தூக்கிக் கொடுத்ததும் இருவரும் பின்வாங்கி, ஆளுக்குப் பாதி ஆடுகளத்தைப் பார்த்துக்கொள்வது இதனால்தான்.

தாக்கும்போது கணக்கு தலைகீழ். எதிராளி திருப்பி அடிப்பது பெரும்பாலும் மெதுவாக, வலையை உரசியபடி வரும். வலையோரம் இருப்பவர் அதை மேலேயே மடக்கித் தட்டிவிட்டால் புள்ளி. ஆனால் வந்த பிறகு நகர்ந்தால் முடியாது. எதிராளியின் தோள், மட்டை திரும்பும் கோணம், கால் வைக்கும் இடம் ஆகியவற்றை வைத்து ஷட்டில் வரும் இடத்தை முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். இந்த ஊகம் வருவதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் பயிற்சி.

கூட்டாளி மாறினால், இருவரும் ஒத்து நகரும் பழக்கத்தையும் புதிதாக உருவாக்க வேண்டும். பேங்கியருக்கு அப்படியும் நேர்ந்தது. உலக சாம்பியன்ஷிப்பில் வெவ்வேறு நாட்டவர் ஜோடி சேரலாம். 2012 ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் பிரிட்டன் என்ற ஒரே அணி, அதனால் ஆட்காக்குடனே ஆடினார். காமன்வெல்த் போட்டியில் இரண்டும் தனித்தனி அணி. 2014-ல் அது கிளாஸ்கோவில் நடந்தபோது, பேங்கியர் சக ஸ்காட்லாந்து வீரர் ராபர்ட் பிளேருடன் சேர்ந்து வெண்கலம் வென்றார். தங்கம் யாருக்குத் தெரியுமா? பழைய கூட்டாளி ஆட்காக்குக்கும் அவர் மனைவி கேபிக்கும்!

செய்து பாருங்கள்: ஆடுகளத்தின் ஒரு முனையில் நின்று, ஷட்டிலைக் கீழிருந்து மேலாக மெதுவாக அடியுங்கள். விழுந்த இடத்தைக் காலடியால் அளந்து எழுதுங்கள். அடுத்து உங்கள் பலம் முழுவதையும் போட்டு அதே மாதிரி அடியுங்கள். ஒரு ரப்பர் பந்தை வைத்தும் இதையே செய்யுங்கள். கூடுதல் பலத்தில் எது அதிகத் தூரம் போனது? ஷட்டிலுக்குக் கொடுத்த பலத்தைக் காற்று எவ்வளவு தின்றது என்பது உங்கள் நோட்டிலேயே தெரிந்துவிடும்.