மண்ணின் பிடியை அறியும் ஸ்பிரிங்

ஜாசின் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பால்மரம் சாய்த்த நிலத்தில் மரவள்ளி போட டிராக்டரில் உழுகிறாராம். "லீவரைத் தொடவே இல்லை, ஆனாலும் கலப்பை ஓரிடத்தில் ஆழமாக இறங்குகிறது, இன்னோரிடத்தில் மேலே வந்துவிடுகிறது. ஹைட்ராலிக் கெட்டுவிட்டதா?" என்று கேட்கிறார்.

கெடவில்லை ஐயா. இருக்கைக்கு வலப்பக்கம் உள்ள லீவர்களில் ஒன்று கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்தும். நீங்கள் பிடித்திருப்பது இழுவையை ஒரே அளவில் வைக்கும் லீவர். மண் இறுகினால் கலப்பையைத் தூக்கும், இளகினால் இறக்கும்.

கலப்பையை மண் பின்னுக்குப் பிடிக்கும்போது, அது தன்னை டிராக்டரோடு பிணைக்கும் கீழ்க்கைகள் இரண்டின் முனையில் முன்பக்கம் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வு, மேலே பிணைக்கும் மேல்கையை டிராக்டரை நோக்கித் தள்ளும். அங்கே ஒரு தடித்த ஸ்பிரிங் அமுங்கி, எண்ணெய் வால்வை நகர்த்திக் கலப்பையைத் தூக்கும். பால்மரம் வெட்டிய என் அம்மாவின் கை இப்படித்தான். பட்டையில் கத்தி இறுகினால், கண் பார்க்குமுன் கை தளர்ந்துவிடும். மரத்தில் காயம் படாது.

நம் மலாக்கா மாநிலத்தில் இந்த ஸ்பிரிங்குக்கு வேலை அதிகம். செம்புரைக்கல் சரளை நிறைந்த மண்வகை ஒன்றுக்கு மண்ணியலாளர்கள் மலாக்கா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அ ஃபமோசா கோட்டை வாசலைக் கட்டியதும் செம்புரைக்கல்லால்தான். பத்தடி இளமண், அடுத்த அடியில் கல்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் வருவது. பழைய டிராக்டர்களில் கலப்பை வேரில் மாட்டிக்கொண்டால், பின்சக்கரம் பிடியை விடாமல் வண்டியே மூக்கைத் தூக்கி ஓட்டுநர்மேல் கவிழும். பலர் அப்படிச் செத்தார்கள். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் இதற்கு வழி கண்டார். 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரியில் 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட அவருடைய டிஇ20 டிராக்டரில், கலப்பை அடிக்கட்டையில் மோதினால் அந்த அதிர்ச்சி வால்வை, கலப்பையைத் தூக்கும் நிலையையும் தாண்டித் தள்ளிவிடும். எண்ணெய் வெளியேறும். பின்சக்கரங்களை அழுத்திக்கொண்டிருந்த கலப்பையின் பாரம் அந்த நொடியே விலகும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், ஓட்டுநர் கிளட்சை மிதித்து இறங்கலாம். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் ஒரு ஸ்பிரிங் செய்த வேலை இது.

இன்று தோட்டங்களில் டிராக்டருக்குச் செம்பனைக் குலை ஏற்றுவதே பிழைப்பு. ஸ்பிரிங் துருவேறி இறுகிக் கிடக்கிறது, லீவரைக் கம்பியால் கட்டிவைத்திருக்கிறார்கள். சேற்றில் மாட்டிய லாரியை மேல்கை மாட்டும் துளையில் சங்கிலி போட்டு இழுப்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் வண்டி பின்னால் கவிழும், அங்கே எந்த வால்வும் காப்பாற்றாது. தயவுசெய்து கீழே உள்ள இழுவைக் கொக்கியில் கட்டுங்கள்.

வாசகருக்கு இன்னும் இரண்டு செய்தி. ரோட்டவேட்டர் மாட்டினால் ஒரே உயரத்தில் நிறுத்தும் லீவருக்கு மாறுங்கள். ரோட்டவேட்டர் தன்னையே முன்னுக்குத் தள்ளுவதால் இழுவைக் கணக்கு அதற்குப் பொருந்தாது. கலப்பையைக் கழற்றியதும் மேல்கை மாட்டும் முனையைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால், உழுவதற்குமுன் ஃபிட்டரிடம் காட்டுங்கள்.