ஒரு சம்பளமும் இரண்டு அடுப்புகளும்

சம்பளம் எவ்வழியே வந்தது என்பதை எல்லோரும் அறிவர். எவ்வழியே போயிற்று என்பதை அறிந்தவர் சிலரே. அந்த இரண்டாவது வழியை ஆராய்வதற்கென்றே ஒரு துறை உண்டு. சாக்சனி நாட்டுப் புள்ளிவிபர அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து, வறுமை மிகுந்தோறும் செலவில் உணவின் பங்கும் மிகும் என்று 1857இல் எடுத்துக் காட்டினார்.

இலங்கையில் மத்திய வங்கி 1953இல் தனது முதலாவது நுகர்வோர் நிதி ஆய்வை நடத்தியது. இந்நாளில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் குடும்ப வருமான, செலவுக் கணக்கெடுப்பை நகரம், கிராமம், தோட்டம் என மூவகையாகப் பகுத்து வெளியிடுகின்றது. 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. தோட்டத்திலோ 46,865 ரூபா. வறியோர் விகிதம் நாட்டில் நூற்றுக்கு 14.3, தோட்டத்தில் 33.8.

இந்த எண்களுக்குள் எங்களைப் போன்ற அரசாங்க ஊழியர் எங்கே நிற்கின்றனர்? ஹற்றன் பகுதியில் ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு இவ்வினா பல நாளாக உண்டு.

மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலார் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். எஞ்சி நின்றோருக்கு 2003இற்றான் சட்டம் வழி திறந்தது. ஆகவே இங்குள்ள ஆசிரியரும் எழுதுவினைஞரும் பெரும்பாலும் தம் குடும்பத்தில் முதன்முதலாக அரசாங்கச் சம்பளம் பெற்றவர்கள். அச்சம்பளமும் எல்லோருக்கும் முழுமையாகக் கிடைக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளராக நியமனம் பெற்றோர் தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் வகுப்பெடுத்தனர். அது பின்னரே 10,000 ஆயிற்று.

என் நண்பர் ஒருவரின் கணக்கைக் கேளுங்கள். அவர் நகரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார். பெற்றோர் தோட்டத்து லயத்தில் இருக்கின்றனர். சம்பளம் வந்ததும் அறை வாடகை, பஸ் கட்டணம், சீட்டுக் காசு, பண்டிகை முற்பணத்தின் தவணை ஆகியன கழியும். எஞ்சியதிற் பாதி லயத்துக்குப் போகும். தங்கையின் படிப்பும் தந்தையின் மருந்தும் அதிலேதான். உறவினர் கடன் பெற்றால் பிணை நிற்பவரும் அவரே. மாதச் சம்பளத் துண்டு வைத்திருப்பவர் அக்குடும்பத்தில் வேறெவருமில்லை.

கணக்கெடுப்போர் ஒரே அடுப்பில் உண்போரை ஒரு குடும்பமெனக் கொள்வர். அவ்வாறு கொண்டால் நண்பர் நகரத்துத் தனி ஆளாகவும், பெற்றோர் தோட்டத்து வறியோராகவும் இரு பட்டியல்களில் பிரிந்து விடுகின்றனர். அனுப்பிய பணம் ஏட்டில் ஏறலாம். ஒரு சம்பளம் இரண்டு அடுப்புகளை எரிப்பது ஏறாது.

வீட்டு விஷயமும் இத்தகையதே. சொத்தை ஈடு வைத்துக் கடன் பெற்று வீடு கட்டுவது பிற இடத்து ஊழியருக்கு இயல்பு. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் லயத்துக் காம்பராவுக்கு உறுதி இல்லை. உறுதியில்லாததை எந்த வங்கி ஈடாக ஏற்கும்? ஏழு பேர்ச் காணியும் வீடும் பெற்றோர் சிலர் உளர். இன்னும் லயத்திலேயே இருப்போர் பலர். நிலையான சம்பளம் இருந்தும் நிலையான கூரை இல்லாத இந்நிலையைச் சராசரி வருமானம் சொல்லாது.

கணக்கெடுப்பு வேண்டாமென்பது என் கருத்தன்று. அது இருப்பதனாலேயே தோட்டத்தின் வறுமையை எவரும் மறுக்க முடியவில்லை. ஆயினும் ‘உங்கள் சம்பளத்தை எத்தனை வீடுகள் நம்பியிருக்கின்றன? நீங்கள் வாழும் மண் யாருடையது?’ என்ற இரு வினாக்களும் அதற்கு வேண்டும். ஆசிரிய நண்பர்களே, உயர்வகுப்பு மாணவரைக் கொண்டு தத்தம் வீட்டின் ஒரு மாதக் கணக்கை எழுதச் செய்யுங்கள். பெயர்களை நீக்கி அவற்றைத் தொகுத்து வையுங்கள். சம்பள உயர்வையும் காணி உரிமையையும் கேட்கப் போகும் நாளில் அந்த ஏடுகள் நமக்குச் சான்றாகும்.