பஞ்சப்படியும் பனியன் தொழிலும்

கார்ல் மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற்பகுதியின் சாரத்தை அறிய விழைவோர் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. திருப்பூரை அடுத்த வீரபாண்டியின் பனியன் தொழிற்கூடங்களை நோக்கினாற் போதும். தொழிலாளி விற்பது உழைப்புச் சக்தி. கூலி அதன் விலை. அவ்வுழைப்பால் விளையும் மதிப்போ கூலியினும் மிகுதி. அம்மிகுதியை இரு வர்க்கத்தாரும் எங்ஙனம் பகிர்வது என்பதே வழக்கு.

இவ்வழக்கு திருப்பூரில் 1984-ஆம் ஆண்டு வெளிப்படையாக எழுந்தது. விலைவாசி ஏறுந்தோறும் அதற்கேற்பக் கூலியோடு சேர்க்கவேண்டிய பஞ்சப்படியைக் கோரிப் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலியின்றி நான்கு திங்கள் அடுப்பெரிவது எங்ஙனம் என்று எண்ணுவார்க்கே அந்நாள்களின் கடுமை புலனாகும். கோரிக்கையோ சிறிது: சென்ற ஆண்டு ஒருநாட் கூலி எத்துணை அரிசி வாங்கிற்றோ, அத்துணையே இவ்வாண்டும் வாங்கவேண்டும் என்பதே.

பின்னைய ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகவே, பின்னல், சாயம், வெட்டு, தையல், காஜா என வேலை பல சிறு கூடங்களாகப் பிரிந்து பரவிற்று. நேற்றுப் பொறிமுன் அமர்ந்தவர் இன்று காண்டிராக்டர் ஆகிறார். இதுகண்டு, ‘ஈண்டு வர்க்கமே இல்லை’ என்பாரும் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. உருப்படிக்கு இவ்வளவென்று கம்பெனி முன்னரே விலை பேசிவிட, காண்டிராக்டர் தம் ஆதாயத்தைக் கூலியிலன்றி வேறெங்குக் காண்பார்? பன்னிரண்டு மணி வேலைக்கு ‘ஒன்றரை ஷிப்டு’ என்று பெயரும் இட்டாயிற்று. தாம் வழக்காடவேண்டிய முதலாளி கம்பெனியாரோ காண்டிராக்டரோ என்பதே தொழிலாளிக்கு விளங்காமற் போயிற்று. 1984-இல் அது விளங்கியிருந்தது.