வாதாங்கொட்டை பறிக்கப் போன பையன்: அத்துமீறல் ஒரு கேஸ், கொலை வேறு கேஸ்

2011 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. சென்னை தீவுத்திடலை ஒட்டிய ராணுவக் குடியிருப்புக்குள் பக்கத்துக் குடிசைப் பகுதிப் பையன்கள் சிலர் புகுந்தார்கள். வாதாங்கொட்டை பறிக்கத்தான். அவர்களில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் குண்டடிபட்டு இறந்துபோனான். சுட்டது யார் என்பதே முதலில் தெரியவில்லை. சிபிசிஐடி விசாரணைக்குப் பிறகு, ஒரு வாரத்தில் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னல் ஒருவர் கைதானார். கூவத்தில் வீசப்பட்ட துப்பாக்கியைத் தேடி எடுத்தார்கள். 2012 ஏப்ரலில் விரைவு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

இப்படி எது நடந்தாலும், "அவன் ஏன் அங்கே போனான்? பெத்தவங்க கண்டிக்க வேண்டாமா?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். கேட்கட்டும். ஆனால் அது பையன் மீதான கேஸ். சுட்டவர் மீதான கேஸில் அதை வைத்துத் தண்டனையைக் குறைக்கச் சொல்வது சுலபமில்லை.

பையன் மீது என்னதான் கேஸ் போட முடியும்? சாதாரண புத்தியும் குணமும் உள்ள எவரும் புகார் சொல்ல மாட்டார்கள் என்கிற அளவுக்குச் சின்னத் தீங்கு குற்றமே ஆகாது என்கிறது சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 95-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 33. நாலு வாதாங்கொட்டை அதற்குள் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். இல்லை, திருட்டுதான் என்று ஒருவர் அடம்பிடித்தாலும் 13 வயதுக்காரன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிற்பான். புத்திமதி சொல்லியோ கண்டித்தோ வீட்டுக்கு அனுப்பக் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. வளர்ந்த ஆளே முதல் தடவையாக 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால், இன்றைய சட்டத்தில் அவருக்குச் சமூக சேவைதான் தண்டனை.

இனி பெரியவர் பக்கம். வழக்கமாக இரண்டு வாதங்கள் வரும். ஒன்று, "என் சொத்தைக் காப்பாற்றினேன்." சொத்தைக் காக்கும் உரிமை நிஜமாகவே இருக்கிறது. பையனைப் பிடித்து நிறுத்தலாம், பறித்ததைப் பிடுங்கலாம், விரட்டலாம். ஆனால் வெறும் திருட்டுக்கும் அத்துமீறலுக்கும் உயிரை எடுக்கும் அளவுக்கு அந்த உரிமை நீளாது. கொள்ளை, இரவில் வீடுடைத்தல், தீவைப்பு, நம் உயிருக்கே ஆபத்து என்று நியாயமாக அஞ்ச வேண்டிய நிலை போன்றவற்றுக்குத்தான் அது நீளும். அப்போதும் தேவைக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது.

இரண்டாவது, "ஆத்திரமூட்டினான், நிதானம் இழந்துவிட்டேன்." இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வாதம். கடுமையான, திடீர்ச் சீண்டலால் தன்னிலை இழந்து செய்த கொலையைச் சட்டம் ஒரு படி இறக்கி, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று வைக்கிறது. கவனிக்கவும்: அதுவும் விடுதலை அல்ல. சீண்டல் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும்? 1961-இல் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல்தான் இன்றும் பேசப்படுகிறது: அதே சமூகச் சூழலில் உள்ள நிதானமான ஒரு மனிதர் அந்த நிலைமையில் கட்டுப்பாடு இழப்பாரா? கடற்படை அதிகாரியான நானாவதி, வேறொருவருடனான உறவை மனைவி ஒப்புக்கொண்டபின், குடும்பத்தைச் சினிமா தியேட்டரில் விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கிக்கொண்டு அந்த ஆளைச் சுடப் போனார். நடுவில் ஆத்திரம் ஆற நேரம் இருந்தது என்று நீதிமன்றம் அந்தச் சலுகையை மறுத்தது. மனைவி விஷயத்திலேயே இப்படி என்றால் வாதாங்கொட்டைக்கு என்ன சொல்வது?

அமெரிக்காவிலும் அப்படித்தான். 2020 ஜனவரியில் கலிபோர்னியாவின் ரிவர்சைடு மாவட்டத்தில், ஒரு வீட்டின் காலிங் பெல்லை அடித்துவிட்டுப் பின்புறத்தைக் காட்டிவிட்டு ஓடினான் ஒரு பையன். நண்பர்கள் விட்ட சவால். வீட்டுக்காரர் காரில் துரத்தி, ஆறு பையன்கள் போன காரை இடித்தார். கார் மரத்தில் மோதி, 16 வயதுப் பையன்கள் மூவர் இறந்தார்கள். அன்று 12 பீர் குடித்திருந்ததாகவும் கடும் கோபத்தில் இருந்ததாகவும் நீதிமன்றத்தில் அவரே சொன்னார். ஜூரி அதை முதல்நிலைக் கொலை என்றது. 2023-இல் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. அந்தப் பையன் செய்தது அசிங்கம்தான், யாரும் மறுக்கவில்லை. துரத்துவதற்குச் சாவியை எடுத்தது யார் என்பதைத்தான் வழக்கு கேட்டது.

பெற்றோர்? பிள்ளையின் சேட்டைக்காகப் பெற்றவர்மேல் குற்ற வழக்குப் பாய்வது நம் சட்டத்தில் அபூர்வம். பெரிய விதிவிலக்கு வண்டி. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி, 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பாதுகாவலருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முயன்றேன் என்றோ அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். சுவரேறிக் குதிக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு பிரிவு எழுதப்படவில்லை.