உள்ளங்காலில் தைத்த 'மேட் இன் பிரேசில்': 1975-ல் எடுத்த ஒரு வீடியோவில் என்ன அரசியல்?

ஒரு பெண் ஊசியில் கறுப்பு நூலைக் கோர்த்து, தன் உள்ளங்கால் தோலில் எழுத்து எழுத்தாகத் தைக்கிறார்: 'மேட் இன் பிரேசில்'. சுமார் 10 நிமிடம், வசனமே கிடையாது. பாதியிலேயே உங்களுக்குக் கால் கூசும்.

1975-ல் வந்த இந்த வீடியோவின் பெயர் 'மார்கா ரெஜிஸ்ட்ராடா'. பதிவுசெய்யப்பட்ட வணிக முத்திரை என்று அர்த்தம். தைப்பவர் லெட்டீசியா பரென்ட்டே. வேதியியல் பேராசிரியர், கலைஞர். 'சரி, இதுல அரசியல் எங்க இருக்கு?'ன்னு கேட்டீங்கன்னா, 11 வருஷம் பின்னால் போகணும்.

1964-ல் பிரேசிலில் ஆட்சியைப் பிடித்த ராணுவம் 1985 வரை விடவில்லை. 1968 டிசம்பரில் வந்த 'ஏஐ-5' ஆணை, அரசியல் வழக்குகளில் ஆட்கொணர்வு மனு உரிமையைப் பறித்தது. அதாவது, ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால் 'எங்கே வெச்சிருக்கீங்க?' என்று நீதிமன்றம் வழியாகக் கேட்க முடியாது. விசாரணை என்றால் மின்சார அதிர்ச்சி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவது. பின்னாளில் அதிபரான டில்மா ரூசெஃப்பும் சித்திரவதைக்கு ஆளானவர்தான். கொல்லப்பட்டவர்கள், காணாமல்போனவர்கள் என்று தேசிய உண்மை ஆணையம் 2014-ல் பட்டியலிட்டது 434 பேரை. சித்திரவதைக்குப் பிறகு உயிரோடு திரும்பியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இன்னொரு பக்கம், 1968 முதல் 1973 வரை பொருளாதாரம் ஆண்டுக்குச் சுமார் 10% வளர்ந்தது. 'பிரேசிலை நேசி, இல்லையேல் வெளியேறு' என்பது அன்றைய முழக்கம்.

இப்போது அந்த ஊசியைத் திரும்பப் பாருங்கள். ஏற்றுமதிச் சரக்கில் குத்தவேண்டிய முத்திரை மனிதத் தோலில் ஏறுகிறது. உடல் நாட்டின் சொத்து என்றால், அதை எழுதிக் காட்டுகிறார், அதுவும் பெண்களுக்கென்று ஒதுக்கிய தையல் வேலையால். எனக்கு முக்கியமாகப் படுவது எழுத்துக்கூட்டல். முதல் இரண்டு சொல் ஆங்கிலம். நாட்டின் பெயரில் மட்டும் ஆங்கில 'இசட்' இல்லை, போர்த்துகீசிய 'எஸ்'. சந்தையின் மொழியும் சொந்த மொழியும் ஒரே காலில்.

சரி, ஏன் வீடியோ? பத்திரிகை, நாடகம், பாட்டு, சினிமா எல்லாவற்றிலும் தணிக்கை. ஃபிலிம் என்றால் லேபில் கொடுத்துக் கழுவணும், அங்கே இன்னொருவர் கண்ணில் படும். ஜோம் டோப் அசுலாய் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த போர்ட்டாபேக் கேமராவில் அந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்குள்ளேயே எடுத்து, உடனே போட்டுப் பார்க்கலாம்.

அதே ஆண்டின் இன்னொரு வீடியோவில் பரென்ட்டே கண்ணாடி முன் நிற்கிறார். வாயில் டேப் ஒட்டி, அதன்மேல் உதடு வரைகிறார். பிறகு கண்களை மூடி ஒட்டி, அதன்மேல் கண் வரைகிறார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, ஆபீசுக்குப் போகிற மாதிரி கிளம்பிவிடுகிறார்.